டாக்டர் பதில்கள்: நலமாக இருப்பவருக்கு முழு உடல் எம்.ஆர்.ஐ. தேவையா?

கேள்வி: எனக்கு வயது 61. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் என் மகன், நான் அடுத்த முறை அங்கு வரும்போது முழு உடல் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றும், ஒரு மணி நேரத்தில் தலை முதல் கால் வரை எல்லாம் தெரிந்துவிடும் என்றும் சொல்கிறான். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவதைத் தவிர எனக்கு வேறு தொந்தரவு இல்லை. கதிர்வீச்சே இல்லாத சோதனை என்பதால் எடுத்துப் பார்ப்பதில் தவறில்லையே? (வாசகர், திருச்சி)

பதில்: கதிர்வீச்சு இல்லை என்பது உண்மை. எம்.ஆர்.ஐ. கருவி காந்தப்புலத்தையும் ரேடியோ அலைகளையும் கொண்டு படம் எடுப்பதால், சி.டி. ஸ்கேனில் உள்ள எக்ஸ் கதிர் பற்றிய கவலை இதில் எழுவதில்லை. பேஸ்மேக்கர் போன்ற கருவியோ உலோகக் கிளிப்போ உடலுக்குள் இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குறுகிய குழாய்க்குள் படுக்க அஞ்சுபவர்களுக்குச் சிரமமாக இருக்கும். கருவியால் வரும் தொல்லை இவ்வளவுதான். யோசிக்க வேண்டியது, படம் கைக்கு வந்த பிறகு நடப்பதைப் பற்றி.

நோய் அறிகுறி ஏதும் இல்லாத 5,373 பேரிடம் நடத்தப்பட்ட 12 ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் ஒரு கட்டுரை வெளியானது. அவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 32 பேருக்கு, முக்கியமானது என்றோ இன்னதென்று தீர்மானிக்க முடியாதது என்றோ கருதத்தக்க ஏதோ ஒன்று ஸ்கேனில் தென்பட்டது. இந்த மூன்றில் ஒரு பங்கினர் எல்லோரும் நோயாளிகள் அல்லர். ஆனால் நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள இன்னொரு ஸ்கேன், ஊசி வழியே திசு எடுத்துப் பார்க்கும் பயாப்சி, சில வேளைகளில் அறுவை சிகிச்சை என்று பலர் அலைய நேரிடுகிறது. மூளையை எடுத்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் நலமாக இருந்த 2,000 பேரின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தபோது, நூற்றுக்கு 1.8 பேருக்கு இரத்தக் குழாயில் சிறு வீக்கம் இருந்தது. அத்தகைய சிறு வீக்கங்களில் பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் வெடிப்பதில்லை. அவற்றை அடைக்கச் செய்யும் சிகிச்சையிலோ பக்கவாதம் வரும் ஆபத்து ஓரளவு உண்டு. சிகிச்சையும் வேண்டாம், மறக்கவும் முடியாது என்ற நிலையில் பல ஆண்டுகளைக் கழிப்பது எளிதன்று.

அமெரிக்காவில் ப்ரெனுவோ என்ற நிறுவனம் சுமார் 2,500 டாலர் கட்டணத்தில் இந்த ஸ்கேனை எடுத்துத் தருகிறது. 2023-இல் நடிகை கிம் கர்தாஷியன் இன்ஸ்டாகிராமில் இதைப் பாராட்டியதும் பலர் விசாரிக்கத் தொடங்கினார்கள். அதே ஆண்டு ஏப்ரலில், அந்நாட்டுக் கதிரியக்க மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ரேடியாலஜி, அறிகுறியோ ஆபத்துக் காரணியோ குடும்ப வரலாறோ இல்லாதவர்களுக்கு முழு உடல் ஸ்கேனைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று அறிவித்தது. ஸ்கேன் எடுத்துப் பிழைக்கும் துறையினரே இப்படிச் சொன்னதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

உங்களைப் போல் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு நடைமுறைச் சிக்கல் ஒன்றும் உண்டு. ஏதாவது தென்பட்டால் தொடர் சோதனைகளை அமெரிக்கக் கட்டணத்தில் செய்ய வேண்டியிருக்கும், அல்லது கவலையோடு விமானம் ஏறி இங்கு வந்து தொடங்க வேண்டியிருக்கும். பயணக் காப்பீடு பொதுவாக இதற்கெல்லாம் பணம் தராது. உங்கள் வயதில் உயிரைக் காப்பவற்றுள் முதன்மையானது, நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் இரத்த அழுத்த மாத்திரைதான். அதோடு சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றை ஆண்டுக்கு ஒரு முறை இரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்திவிடலாம் என்று மருத்துவர்கள்தானே சொல்கிறீர்கள்? அப்படியிருக்க, தேடிப் பார்ப்பதைத் தடுப்பது முரணாக இல்லையா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: நியாயமான கேள்வி. எல்லாப் புற்றுநோயும் ஒரே மாதிரி வளர்வதில்லை என்பதில்தான் இதற்கான விடை இருக்கிறது. சில கட்டிகள் வேகமாகப் பரவுகின்றன. ஓராண்டு இடைவெளியில் எடுக்கும் இரண்டு ஸ்கேன்களுக்கு நடுவே தோன்றி முற்றிவிடுவனவும் உண்டு. வேறு சில, ஆள் வேறு காரணத்தால் இறக்கும் வரை எந்தத் தொல்லையும் தராமல் கிடக்கின்றன. பரவலாகத் தேடும்போது வலையில் அதிகம் விழுபவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

இதற்குத் தென்கொரியாவே சாட்சி. அங்கு 1999-இல் அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியபோது தைராய்டு அதில் சேர்க்கப்படவில்லை. ஆனால் மருத்துவமனைகள் சிறிய கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு கழுத்தையும் அல்ட்ராசவுண்டில் பார்த்துக் கொடுத்தன. 2011-இல் தைராய்டு புற்றுநோய் என்று சொல்லப்பட்டவர்கள் 40,000-க்கும் மேல். அந்நோய் கண்டறியப்படும் விகிதம் 1993-இல் இருந்ததைப் போல் 15 மடங்காகியிருந்தது. அந்நோயால் இறந்தவர்களின் எண்ணிக்கையோ இந்த ஆண்டுகளில் அசையவே இல்லை. அப்படியானால் கண்டுபிடிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை உயிருக்கு ஆபத்தில்லாதவை. ஏறக்குறைய எல்லோருக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. தைராய்டு முழுவதும் அகற்றப்பட்டவர்கள் ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டும். அறுவை செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 11 பேருக்குக் கால்சியத்தைச் சீராக வைக்கும் சுரப்பி பாதிக்கப்பட்டது. 2 பேருக்குக் குரல் நாண் செயலிழந்தது.

‘கண்டுபிடித்த பின் இத்தனை ஆண்டு வாழ்ந்தார்கள்’ என்ற கணக்கையும் எச்சரிக்கையோடு பாருங்கள். 65 வயதில் இறக்கப்போகும் ஒருவருக்கு 62-இல் நோய் தெரிந்தால் 3 ஆண்டு வாழ்ந்தார் என்போம். அதே நோய் ஸ்கேனில் 57-இலேயே தெரிந்து, சிகிச்சை பலன் தராமல் அதே 65-இல் இறந்தால் 8 ஆண்டு வாழ்ந்தார் என்போம். எண் கூடியது, ஆயுள் கூடவில்லை. அதனால்தான் ஒரு பரிசோதனையை ஊருக்கெல்லாம் பரிந்துரைக்கும் முன், அது இறப்பைக் குறைக்கிறதா என்று இரு குழுக்களை ஒப்பிட்டுப் பார்க்கிறோம். முழு உடல் எம்.ஆர்.ஐ.க்கு அப்படி ஒரு நிரூபணம் இதுவரை இல்லை.

நிரூபணம் உள்ள பரிசோதனைகள் பெரும்பாலும் விலை மலிவானவை. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடம் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெளுக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்துக் கண்டறிந்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு அங்கேயே சிகிச்சையும் தரப்பட்டது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில் கருப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததாக 2007-இல் முடிவு வெளியானது. இலட்சம் ரூபாய் ஸ்கேனைப் பற்றி விசாரிக்கும் பெண்களில் எத்தனை பேர் இந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று கேட்டால், பதில் பெரும்பாலும் மௌனம்தான்.

கேள்வி: 30 ஆண்டுகளாகப் புகை பிடிக்கிறேன். வயது 54. முழு உடல் ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தால் நிம்மதியாக இருக்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: இருக்க முடியாது. நுரையீரலில் காற்று நிறைந்திருப்பதாலும் மூச்சுக்கு ஏற்ப அது அசைவதாலும், அங்குள்ள சிறு முடிச்சுகளை எம்.ஆர்.ஐ. தவறவிடக்கூடும். இதயத்துக்குச் செல்லும் இரத்தக் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்பதையும், குடலின் உட்சுவரில் வளரும் சதை முளைகளான சிறு பாலிப்களையும், இரைப்பையின் தொடக்கநிலைப் புற்றையும் இந்தப் பொது ஸ்கேனை நம்பி ‘இல்லை’ என்று சொல்ல இயலாது. நெடுங்காலம் அதிகம் புகைத்தவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் நுரையீரல் புற்றுநோய் இறப்பை 20 விழுக்காடு குறைப்பதாக 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. நம் நாட்டில் காசநோய்த் தழும்பும் முடிச்சாகத் தெரியும் என்பதால், அது உங்களுக்குப் பொருந்துமா என்று நுரையீரல் மருத்துவரிடம் கேட்டு முடிவெடுங்கள். வாய்ப் புற்று இருக்கிறதா என்று வாயையும் ஒரு முறை காட்டிவிடுங்கள். அதற்கு டார்ச் விளக்கு போதும். புகையை விடுவதற்கு உதவி கேட்கவும் தயங்காதீர்கள்.

கேள்வி: அப்படியானால் இந்த ஸ்கேன் யாருக்குத்தான் பயன்படும்? (வாசகர், சேலம்)

பதில்: காரணத்தோடு எடுப்பவர்களுக்கு நன்றாகவே பயன்படும். டி.பி.53 என்ற மரபணுவில் பிறவிக் கோளாறு உள்ள குடும்பங்களில் இளம் வயதிலேயே பலவகைப் புற்றுநோய்கள் வருகின்றன. இதை லி-ஃப்ராமெனி நோய்த்தொகுப்பு என்பார்கள். கதிர்வீச்சே ஆபத்தைக் கூட்டக்கூடிய அவர்களுக்கு ஆண்டுதோறும் முழு உடல் எம்.ஆர்.ஐ. எடுப்பது பரிந்துரைக்கப்படுகிறது. எலும்பு மஜ்ஜையில் வரும் மைலோமா என்ற புற்றுநோய் இருப்பதாகச் சந்தேகிக்கும்போதும் இது மிகச் சிறந்த சோதனை. மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணுக் கோளாறு உள்ள பெண்களுக்கோ மார்பகத்துக்கென்றே மருந்து செலுத்தி எடுக்கும் தனி எம்.ஆர்.ஐ. வேண்டும்; முழு உடல் ஸ்கேன் அதற்கு மாற்றாகாது. குடும்பத்தில் பலருக்கு இளம் வயதில் புற்றுநோய் வந்திருந்தால், ஸ்கேன் மையத்துக்குப் போகும் முன் மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு வயது 47. நண்பர்கள் சொன்னதைக் கேட்டு ஏற்கெனவே ஸ்கேன் எடுத்துவிட்டேன். ரிப்போர்ட்டில் முதுகெலும்பில் டிஸ்க் பிதுக்கம், வலது சிறுநீரகத்தில் சாதாரண நீர்க்கட்டி, கல்லீரலில் சிறிய ஹெமாஞ்சியோமா என்று போட்டிருக்கிறார்கள். மூன்று வாரங்களாகத் தூக்கமில்லை. (வாசகர், சென்னை)

பதில்: நீங்கள் எழுதியுள்ள சொற்கள்தான் ரிப்போர்ட்டிலும் இருக்குமானால், அஞ்சத் தேவையில்லை. முதுகுவலியே இல்லாதவர்களைப் படம் எடுத்துப் பார்த்தபோது, 40 வயதினரில் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. வலியோ கால் மரமரப்போ இல்லாவிட்டால் அதற்கு ஊசியும் வேண்டாம், பெல்ட்டும் வேண்டாம். சிறுநீரகத்தின் சாதாரண நீர்க்கட்டிக்குத் தொடர் ஸ்கேனும் தேவைப்படாது. ஹெமாஞ்சியோமா என்பது இரத்தக் குழாய்கள் பின்னிய, புற்றுநோயல்லாத கட்டி. சிறியதாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். இருப்பினும் ரிப்போர்ட்டைக் கூகுளில் தேடுவதை நிறுத்திவிட்டு, உங்களை நேரில் பார்த்துப் பழகிய பொது மருத்துவரிடம் ஒரு முறை காட்டுங்கள். ‘மேலும் சோதிக்கவும்’ என்று ஏதாவது ஒரு வரி அதில் இருந்தால், எதற்காக, எத்தனை மாதத்தில் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். எடுத்த படங்களைக் குறுந்தகடாகவோ கணினிக் கோப்பாகவோ கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், கட்டி வளர்ந்திருக்கிறதா இல்லையா என்பதைப் பழைய படத்தோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம்.