விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

அன்புள்ள அக்கா,

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. நீங்கள் எழுதுவதை நாலைந்து வருடமாக வாசிக்கிறேன். இப்போது முழுகாமல் இருக்கிறேன், 21 வாரம். இரண்டு வருடத்துக்கு முன் ஆறாம் மாதத்தில் ஒரு பிள்ளையை இழந்தேன். இந்த முறை ஸ்கேன் பார்த்தபோது கருப்பை வாயின் நீளம் 19 மில்லிமீற்றர்தான் இருக்கிறது என்றார்கள். இரவில் உள்ளே வைக்க ஒரு மாத்திரை தந்தார்கள். கருப்பை வாய்க்குத் தையல் போடுவதா என்று பார்க்க அடுத்த கிழமை திரும்ப வரச் சொன்னார்கள். நான் போகவில்லை. எங்கள் ரோட்டு உங்களுக்குத் தெரியும். ஆட்டோவில் குலுங்கினால் இருப்பதும் போய்விடும் என்று மாமி பயப்படுகிறார். பாடசாலைக்குப் படி ஏறி இறங்கியதால்தான் போன முறையும் அப்படி ஆனது என்கிறார். மாத்திரை சூடு என்றும் சொல்கிறார். அதனால் கால்மாட்டில் தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டு படுத்தே இருக்கிறேன். குளிக்க மட்டும் எழும்புகிறேன்.

என் நடைதான் காரணமா அக்கா? இன்னும் நாலு மாதம் இப்படியே கிடக்க வேண்டும். மனதைத் தேற்றிக்கொள்ள என்ன வாசிக்கலாம், சொல்லுங்கள்.

எம்.

*

அன்புள்ள எம்.,

கடிதம் வந்த அன்றே உங்களுக்குத் தனியாக இரண்டு வரி எழுதினேன்: நாளைக்கே கிளினிக் போங்கள், மற்றதைப் பிறகு பேசலாம் என்று. போய் வந்ததாகவும், தையலுக்கு நாள் கொடுத்திருப்பதாகவும் நேற்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. எங்கள் குடும்பத்திலும் ஒரு பெண் இப்போது இதே நிலையில் இருக்கிறாள். சில வாரமாக இதே நினைப்பில்தான் இருந்தேன். பெயரையும் தோட்டத்தையும் மறைத்து வெளியிடச் சம்மதித்தீர்கள், அதற்கு நன்றி.

இனித் திட்டவேண்டியதைத் திட்டிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிற நீங்கள், டொக்டர் வரச் சொன்ன நாளை விட்டுவிட்டுக் கட்டிலில் படுத்திருந்திருக்கிறீர்கள். தையல் போடுவதற்கென்று ஒரு காலம் இருக்கிறது. பெரும்பாலும் 24 வாரத்துக்குள்தான் போடுவார்கள். அந்தக் காலத்தில் ஒரு கிழமை போய்விட்டது. ஆட்டோ குலுங்கினால் கருப்பை வாய் திறந்துவிடும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் அளந்து பார்க்காமல் விட்டால், அது திறந்துகொண்டு வருவது உங்களுக்கே தெரியாது. பல பெண்களுக்கு வலியே இல்லாமல்தான் அது குறைகிறது. உங்கள் மாமிக்குப் பயம், அது பாசத்தில் வந்த பயம், புரிகிறது. ஆனால் அந்தப் பயத்துக்கு நீங்களும் தலையாட்டியது எனக்குப் புரியவில்லை தங்கச்சி.

மாத்திரை சூடும் இல்லை, குளிரும் இல்லை. அதில் இருக்கிற புரொஜெஸ்டரோன், கர்ப்பத்தைத் தாங்குவதற்கு உடம்பே சுரக்கிற பொருள்தான். கருப்பை வாய் குறைந்தவர்களுக்கு இதை இரவில் வைத்தால் குறைமாதப் பிரசவம் குறைகிறது என்று பல நாடுகளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டொக்டர் நிறுத்தச் சொல்லும்வரை ஒரு இரவும் விடவேண்டாம். வாசிப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நடைதான் காரணமா என்ற கேள்விக்கு வருகிறேன். இல்லை. கருப்பை வாய் என்கிற கருப்பையின் கழுத்து சாதாரணமாக ஐந்தாம் மாதத்தில் மூன்றரை, நாலு சென்றிமீற்றர் நீளத்தில் இறுக மூடி இருக்கும். 24 வாரத்துக்குள் 25 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் குறைந்துவிட்டது என்று கணக்கு. பிறவியிலேயே பலம் குறைவாக இருக்கலாம், முன்பு அந்த இடத்தில் செய்த சிகிச்சையால் இருக்கலாம், கிருமித் தொற்றால் இருக்கலாம். பலருக்குக் காரணமே பிடிபடுவதில்லை. பாடசாலைப் படி அந்தக் காரணங்களில் இல்லை. அளவு குறைந்த எல்லோருக்கும் குறைமாதத்தில் பிறப்பதும் இல்லை.

படுத்தே கிடப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் கருப்பை வாய் குறைந்திருந்த, தலைப்பிள்ளை சுமந்த 657 பெண்களைப் பற்றி 2013இல் ஓர் ஆய்வு வந்தது. நடமாட்டத்தைக் குறைக்கச் சொன்னவர்களில் 37 வீதமானவர்களுக்கு 37 வாரத்துக்கு முன் பிள்ளை பிறந்தது. அப்படிச் சொல்லப்படாதவர்களில் 17 வீதம். ஆபத்துக் கூடியவர்களைத்தான் கூடுதலாகப் படுக்க வைத்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும், படுக்கை யாரையும் காப்பாற்றியதாக அதில் தெரியவில்லை. நாள்கணக்கில் அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் கட்டும், தசை தளரும், எலும்பு தேயும், மனம் கெடும். பாரம் தூக்கவேண்டாம், மணிக்கணக்கில் நிற்கவேண்டாம், கணவனோடு சேர்வது பற்றி டொக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். மற்றபடி வீட்டுக்குள் நடங்கள், இஸ்தோப்பில் உட்கார்ந்து வெயில் காயுங்கள். பாடசாலைக்கு எப்போது போகலாம் என்பதைத் தையலுக்குப் பிறகு அவர்கள் சொல்வார்கள்.

நீங்கள் அரசாங்க ஆசிரியை, லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் படுக்க முடிகிறது. நாள் பெயருக்கு, அதாவது நாட்கூலிக்கு, கொழுந்து பறிக்கிறவள் என்ன செய்வாள்? 1939ஆம் ஆண்டின் மகப்பேற்றுச் சட்டம் பிரசவத்துக்கு முன்னால் தருவது இரண்டு வாரம்தான். ஐந்தாம் மாதத்தில் கூடையை இறக்கி வை என்று டொக்டர் சொன்னால் அவளுக்கு அன்றைய பெயர் போகும். இதைத் தொழிற்சங்கங்கள் பேசவேண்டும். மேடையில் நாட்சம்பளத்தைப் பேசுகிற அளவுக்கு இதைப் பேசி நான் கேட்டதில்லை.

தையலை நினைத்துப் பயப்படுவதாகவும் நேற்று எழுதியிருந்தீர்கள். அவ்வளவு பயப்படவேண்டியதில்லை. பம்பாயில் சிரோத்கர் என்ற மருத்துவர், மாதம் நிறையாமலே பிள்ளையை இழந்துகொண்டிருந்த பெண்களுக்காக 1955இல் இதை எழுதி வெளியிட்டார். அந்தப் பெண்ணின் தொடையிலிருந்தே ஒரு மெல்லிய நாரை எடுத்துக் கருப்பையின் கழுத்தைச் சுற்றிக் கட்டினார். இரண்டு வருடம் கழித்து அவுஸ்திரேலியாவில் மக்டொனல்ட் என்பவர் இன்னும் எளிதாக ஒரு வழி சொன்னார். நம் ஆச்சிமார் வெற்றிலை வைக்கிற சுருக்குப்பையின் வாயை இழுத்துக் கட்டுவது போலத்தான் அது. பெரும்பாலும் இன்று போடுவது அந்தத் தையல்தான். 36, 37 வாரத்தில் வெட்டி எடுப்பார்கள்.

இனி நான் சொல்லவந்ததற்கு வருகிறேன்.

எங்கள் பெரியக்காவைக் கலியாணம் கட்டிக் கொடுத்தது மஸ்கெலியாப் பக்கம். எண்பதுகளின் நடுப்பகுதி. ஏழாம் மாதம் தொடங்கியிருந்தது. ஒரு பின்னேரம் கொழுந்து மடுவத்தில் நிறுவைக்கு நிற்கும்போதே அவளுக்கு இடுப்பு இழுத்துப் பிடித்து விட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் வாயுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணி கொடுத்தார்கள். அது விட்டு விட்டு வந்தது. இரவு எட்டு மணிக்குத் தண்ணியாகப் பட்டது என்று அக்கா மாமியிடம் சொன்னாள். தோட்டத்தில் அப்போது வாகனம் என்றால் கொழுந்து லொறிதான். அதற்குத் தோட்டத்து மனேஜர் துரையின் உத்தரவு வேண்டும். அத்தான் புறப்பட்டு வாசல் வரை போனார். "இந்த நேரத்தில தொரைய எழுப்புறதா? விடியட்டும், காலைல வேலைக்குக் கூடுற பிரட்டுல கணக்கப்பிள்ளைக்கிட்டச் சொல்லி லொறிய கேப்போம்" என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எல்லோரும் விழித்துத்தான் இருந்தார்கள். விடிகிறவரை அக்காவின் இடுப்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

லொறி தோட்டத்தைத் தாண்டும் முன்பே பிள்ளை பிறந்துவிட்டது. ஆண் பிள்ளை. டவுன் ஆஸ்பத்திரியில் மத்தியானம்வரை மூச்சு இருந்தது. நானும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மா துணியைச் சரிசெய்யும்போது பிள்ளையின் ஒரு பக்கக் காது மடிந்துகொண்டது. மடிந்த காது நிமிரவில்லை, அப்படியே நின்றது. அம்மா விரல் நுனியால் அதை நிமிர்த்திவிட்டாள். காதுக்குள் குருத்தெலும்பு இறுகுவதற்கு இன்னும் சில வாரம் வேண்டியிருந்தது என்று நான் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அடுத்த ஒரு மாதம் லயமெல்லாம் ஒரே பேச்சு. வெள்ளிக்கிழமை ஆற்றைக் கடந்தாளாம். எட்டாத கிளைக்குக் கையை உயர்த்தினாளாம். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு படுத்தாளாம். அவளுக்கு வயிற்றில் தங்காது, அவ்வளவுதான் என்று முடித்துவிட்டார்கள். இரவு எட்டு மணியிலிருந்து விடியற்காலை ஐந்து மணிவரை என்ன நடந்தது என்று ஒரு ஆள் பேசவில்லை. அக்காவும் பேசவில்லை. தன் நடையையும் கையையும்தான் அவள் வருடக்கணக்காக நொந்துகொண்டிருந்தாள். உங்கள் கடிதத்தில் அந்தப் படிகளைப் பற்றி வாசித்ததும் எனக்குக் கோபம் வந்தது அதனால்தான்.

அந்த ஒன்பது மணித்தியாலத்தில் என்ன செய்திருக்கலாம் தெரியுமா? நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற மருத்துவர் ஆடுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீரொய்ட் மருந்து கொடுத்த பிறகு மாதம் நிறையாமல் பிறந்த குட்டிகளின் நுரையீரல், அவர் எதிர்பார்த்ததைவிட நன்றாகக் காற்றை இழுத்ததைக் கண்டார். பிறகு ஹவி என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து தாய்மாருக்குக் கொடுத்துப் பார்த்து 1972இல் முடிவை வெளியிட்டார். தாயின் உடம்பில் போடுகிற ஊசி, வயிற்றில் இருக்கிற பிள்ளையின் நுரையீரலைப் பழுக்க வைக்கிறது. இன்று உலகம் முழுக்க அதைப் போடுகிறார்கள். ஆனால் அதற்கு நேரம் வேண்டும். ஊசி தொடங்கி 24 மணித்தியாலமாவது போனால்தான் முழுப் பலன். அதற்காகவே வலியை ஓரிரு நாள் தள்ளிப்போட மருந்து கொடுக்கிறார்கள். 32 வாரத்துக்கு முன் என்றால் பிள்ளையின் மூளையைக் காக்க மக்னீசியமும் ஏற்றுகிறார்கள். குறைமாதப் பிள்ளைகளைப் பார்க்கிற பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே உங்களைக் கொண்டுபோவது நல்லது. பிறந்த பிறகு அந்தச் சின்ன உயிரை மலைப்பாதையில் கொண்டுபோவது எவ்வளவோ ஆபத்து.

ஆகவே உங்கள் வீட்டில் "விடியட்டும்" என்று யார் சொன்னாலும் கேட்கவேண்டாம். அடிவயிறு இறுகி இறுகி விட்டாலும், மாதவிலக்கு வலி போல வந்து வந்து போனாலும், இடுப்புவலி விட்டு விட்டு வந்தாலும், கீழே பாரமாக அழுத்தினாலும், தண்ணியாகவோ இரத்தமாகவோ பட்டாலும் அந்த நிமிடமே புறப்படுங்கள். வாயுவா பிரசவ வலியா என்பதை ஆஸ்பத்திரியில் தீர்மானிக்கட்டும். ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் வெட்கப்படாதீர்கள். பத்து முறை திருப்பி அனுப்பினால் பதினொராவது முறையும் போங்கள். அங்கே இருக்கிற நர்ஸ் மிஸ் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும்.

உங்கள் கணவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. இந்த வேலை அவருடையது. இந்தக் கிழமைக்குள் அவர் தோட்டத்தில் ஆட்டோ வைத்திருக்கிற இரண்டு மூன்று பேரிடம் நேரில் போய்ப் பேசவேண்டும், நடுச்சாமத்தில் கூப்பிட்டால் வருவார்களா என்று. 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆனால் உங்கள் தோட்டத்து ரோட்டில் அது எதுவரை வரும் என்பதை இப்போதே பார்த்து வைக்கவேண்டும். மழை பெய்தால் எந்த இடத்தில் மண் சரியும், அப்போது எந்த வழி என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். நோர்வூட், டிக்கோயா தாண்டித்தான் ஹட்டன் வரவேண்டும் உங்களுக்கு. குறைமாதத்தில் வலி வந்தால் நேரே எந்த ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று கிளினிக்கில் கேட்டு கர்ப்பவதி அட்டையிலேயே எழுதி வாங்குங்கள். அட்டையும் ஸ்கேன் துண்டும் மாற்றுத் துணியும் ஒரு பையில் கட்டிக் கதவுக்குப் பக்கத்தில் தொங்கட்டும். உங்கள் வீட்டில் எந்த மூலையில் சிக்னல் கிடைக்கிறதோ அங்கே இரவில் போனை வையுங்கள். மிட்வைஃப் மிஸ்ஸின் நம்பர் மாமியின் போனிலும் இருக்கட்டும்.

மாமியைச் சமாளிக்க முடியவில்லை என்றால் என்னிடம் பேச விடுங்கள். பின்னேரம் ஆறு மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அக்கா