பதில்: கப்பல் சலவைக்குச் சுங்குடிச் சேலையைக் கொடுக்கலாமா?

அம்மாவின் சுங்குடிச் சேலைகளை ராயல் கரீபியன் நிறுவனத்தின் உல்லாசக் கப்பலில் தரும் சலவைப் பையில் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். பயணத்தின் நடுவில் 'ஒரு பைக்கு இவ்வளவு' என்று வரும் சலுகையில் எல்லாத் துணியையும் ஒன்றாகத் துவைத்து, சூடான ட்ரையரில் உலர்த்திவிடுவார்கள். சாயம் போகும், பருத்தி சுருங்கும். பனியன், காலுறை, பிள்ளைகளின் டீஷர்ட், இவற்றுக்குத்தான் அந்தப் பை. கடைசி நேரத்தில் கொடுக்காதீர்கள், திரும்பிவர ஒன்றிரண்டு நாள் ஆகும்.

நாமே துவைக்கும் இயந்திர அறை அந்தக் கப்பல்களில் கிடையாது. சேலையைக் குளியலறையில் அலசி, நான்காக மடித்து ஷவர் கொடியில் போட்டு, கதவைத் திறந்து வையுங்கள். பால்கனிக் கம்பியில் வேண்டாம், காற்று கொண்டுபோய்விடும். இஸ்திரிப் பெட்டி எடுத்துப் போகாதீர்கள், தீ ஆபத்து என்று சோதனையிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். தேய்க்க மட்டும் தனியாகக் கொடுக்கலாம்.