கரண்ட் வந்தும் பில் வராத சர்வர்

கேள்வி: குலசேகரத்தில் மாமா ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் (மரத்தில் உறைந்த ரப்பர் பால்) வாங்குகிற கடை வைத்திருக்கிறார். உபுண்டு சர்வரில் பில் கணக்கெல்லாம் இருக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடுகிறது. மழைக்காலத்தில் கரண்ட் போய் வந்தால் சர்வர் தானாக ஆன் ஆகிவிடும். பில்லிங் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் கனெக்‌ஷன் கிடைக்காது. போஸ்ட்கிரெஸை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது. தொடங்கும் முன் 30 வினாடி ஸ்லீப் (காத்திருப்பு) போட்டுப் பார்த்தேன். சில நாள்தான் பலிக்கிறது. என்ன செய்ய அண்ணாச்சி?
– வாசகர், குலசேகரம்

பதில்: தம்பி, அந்த ஸ்லீப்பை முதலில் எடுத்துவிடுங்கள். கரண்ட் வந்ததும் சர்வர், கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச், ரவுட்டர் எல்லாம் ஒன்றாகத்தான் ஆன் ஆகின்றன. எது முந்தும் என்று சொல்ல முடியாது. ஃபிக்ஸட் ஐபி கொடுத்திருந்தாலும், ஸ்விட்ச் ஆன் ஆகி கேபிளில் லிங்க் வரும்வரை, உபுண்டுவில் நெட்வொர்க்கைக் கவனிக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி அந்த ஐபியைப் போடாது.

அந்த நேரத்தில் போஸ்ட்கிரெஸ் தொடங்கினால் என்ன ஆகும்? எந்த ஐபிகளில் கனெக்‌ஷன் ஏற்பது என்று சொல்லும் லிசன்_அட்ரசஸ் வரியில் லோக்கல்ஹோஸ்ட்டும் (சர்வருக்குள் மட்டும்) கடை ஐபியும் இருந்தால், லாகில் ‘கேனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்’ என்று ஒரு எச்சரிக்கை எழுதிவிட்டு லோக்கல்ஹோஸ்ட்டில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டேட்டஸ் பார்த்தால் பச்சையில் ஆக்டிவ். ரொம்பப் பேர் ஏமாறுவது இங்கேதான். சர்வீஸ் விழவே இல்லை என்பதால், விழுந்தால் தானாக எழுப்பும் ‘ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்’ போட்டும் பயனில்லை.

தொடங்கும் வரிசையைச் சரிசெய்ய, போஸ்ட்கிரெஸைத் தொடங்கும் சிஸ்டம்டி கோப்பின் (அதைத்தான் யூனிட் என்பார்கள்) யூனிட் பகுதியில் இரண்டு வரி வேண்டும்: ‘வான்ட்ஸ்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்’, ‘ஆஃப்டர்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்’. முதல் வரி அந்த டார்கெட்டைக் கூப்பிடும், இரண்டாவது அது முடியும்வரை காக்க வைக்கும். வெறும் நெட்வொர்க்.டார்கெட் போதாது, ஐபி வந்துவிட்டதா என்று அது பார்ப்பதில்லை. உபுண்டுவில் போஸ்ட்கிரெஸ்கியூஎல்.சர்வீஸ் பெயருக்குத்தான் இருக்கிறது. இந்த வரிகளை, பெயரில் @ குறி உள்ள போஸ்ட்கிரெஸ்கியூஎல் யூனிட்டில் சேருங்கள். சர்வரில் கேபிள் செருகாத இரண்டாவது போர்ட் இருந்தால், உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கோப்பான நெட்பிளானில் அதற்கு ‘ஆப்ஷனல்: ட்ரூ’ கொடுங்கள், இல்லையென்றால் அதற்காகவும் காத்து நிற்கும்.

இந்தக் காத்திருப்புக்கும் எல்லை உண்டு: 120 வினாடி. அதற்குள் ஸ்விட்ச் வராவிட்டால் போஸ்ட்கிரெஸ் தொடங்கிவிடும், பழைய கதைதான். ரப்பர் வெட்டுக்காரர் ஷீட்டைத் தராசில் வைத்துவிட்டுக் காத்து நிற்கிற கடைக்கு இது போதாது. லிசன்_அட்ரசஸ் வரியில் எல்லா ஐபியையும் குறிக்கும் நட்சத்திரக் குறி போடுங்கள். பிறகு எந்த ஐபி எப்போது வந்தாலும் கவலையில்லை. ஆனால் யார் உள்ளே வரலாம் என்று சொல்லும் பிஜி_ஹெச்பிஏ கோப்பிலும் ஃபயர்வாலிலும் கடை நெட்வொர்க்கை மட்டும் அனுமதிப்பது கட்டாயம்.

பிறகு சரியாகிவிட்டதா என்று பார்க்க, ஸ்விட்சின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு சர்வரை ரீபூட் செய்யுங்கள். அந்தக் காத்திருப்பு முடிந்ததும் சர்வரில் ‘எஸ்எஸ் -எல்டிஎன்’ அடித்தால் 0.0.0.0:5432 தெரிய வேண்டும்; எல்லா ஐபியிலும் கேட்கிறது என்று அர்த்தம்.