மாடி போர்ஷனும் மீன் வாசனையும்

சென்ற இதழில் ஒருவர், "வெளிமாநிலத்துக்காரர்களுக்கு வீடு கொடுக்கலாமா?" என்று கேட்டிருந்தார். "வாடகை ஒழுங்காகத் தருவார்களா என்று மட்டும் பாருங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால் அவ்வளவு சுலபமாக முடித்திருக்கக் கூடாது என்று தெரிகிறது. அதனால் இந்த முறை சினிமா, கிரிக்கெட், அரசியல் எல்லாம் ஓரமாகப் போகட்டும். கோபிக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் அப்பார்ட்மெண்டில் மணிப்பூரைச் சேர்ந்த இரண்டு பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். பியூட்டி பார்லரில் வேலை. அசோசியேஷன் வாட்ஸாப் குரூப்பில் ஒருவர், "இவங்க சமைக்கிற நாத்தம் தாங்கல, நாய்க்கறியோ என்னவோ, இந்த சைனாக்காரிகளை யாரு உள்ளே விட்டது?" என்று போட்டார். பதினைந்து பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாளாகத் தூக்கமில்லை. என்ன செய்திருக்க வேண்டும்? (பெயர் வேண்டாம், வேளச்சேரி)

பதில்: அந்தப் பெண்கள் அந்தக் குரூப்பில் இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பல இடங்களில் வாடகைக்கு இருப்பவர்களைச் சேர்ப்பதில்லை, ஆள் இல்லாத இடத்தில் பேச அது ஒரு வசதி. இருந்தால், படித்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் தெரியாதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது, சிரிக்கிற பொம்மைக்கு எந்த மொழியும் தேவையில்லை.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது உபதேசமாகிவிடும். பதினைந்து பதினாறு வருஷம் இருக்கும். எங்கள் வீட்டு மாடி போர்ஷன் காலியாக இருந்தது. கேட்டில் தொங்கிய டு லெட் போர்டைப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கல்லூரியில் படிக்கிற ஆப்பிரிக்கப் பையன் ஒருவன் வந்து மணியடித்தான். "சொந்தக்காரங்க வர்றாங்கப்பா, பேசி முடிச்சாச்சு" என்றேன். யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை, வாயில் தானாக வந்தது. எந்த நாடு, என்ன படிக்கிறான், எதையும் கேட்கவில்லை. அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான். போர்டைக் கழற்ற நான் மறந்துவிட்டேன். காலேஜ் பஸ் நிற்பது எங்கள் தெருமுனையில்தான், அதனால் மூன்று வாரம், தினம் இரண்டு வேளை, அவன் அந்த போர்டைப் பார்த்துக்கொண்டே போய் வந்தான். நான் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மனைவிதான், "வீடு குடுக்கலை, போர்டையாவது கழட்டித் தொலைங்க" என்றாள். கழற்றினேன். நான் செய்த சீர்திருத்தம் அவ்வளவுதான்.

அன்றைக்கு யாராவது என்னை இனவெறி பிடித்தவன் என்று சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன். "சத்தமா பாட்டுப் போடுவாங்க, கூட்டம் சேர்ப்பாங்க, வாடகை தராம ஓடிப்போயிடுவாங்க" என்று காரணங்கள் கைவசம் இருந்தன, ஒன்றுகூட நான் கண்ணால் கண்டதில்லை. அதனால் சொல்கிறேன், அந்த ஆளிடம் அந்த வார்த்தையில் ஆரம்பிக்காதீர்கள். தனியாகப் பிடியுங்கள், லிஃப்ட் பக்கத்திலோ வாக்கிங் போகும்போதோ. "சார், நீங்க போட்டதை நான் படிச்சேன், படிச்சுட்டு சும்மா இருந்துட்டேன், அது எனக்கே சரியாப் படலை" என்று உங்கள் தப்பிலிருந்து தொடங்குங்கள். அப்புறம் கொஞ்சம் பேசாமல் இருங்கள், அவர் சொல்லட்டும். வாசனைதான் உண்மையிலேயே தொந்தரவு என்றால் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் தீரும் விஷயம் அது. வாசனை இல்லை, மூக்கும் கண்ணும்தான் தொந்தரவு என்றால் பேச்சு வேறு பக்கம் போகும், அதையும் போகவிடுங்கள்.

ஆனால் தனியாகப் பேசியதோடு நிறுத்தவும் முடியாது. குரூப்பிலும் ஒரே ஒரு வரி போடுங்கள், "இது சரியில்லை, எடுத்துவிடுங்கள்" என்று. விளக்கம் வேண்டாம், விளக்கினால் விவாதமாகி, தோற்கக் கூடாது என்பதற்காகவே அவர் இன்னும் நாலு போடுவார். சிரிக்காத மற்றவர்கள் அத்தனை பேரும் யாராவது ஆரம்பிக்கட்டும் என்றுதான் உங்களைப் போலவே உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த வாசனை அநேகமாக ஙாரியாக இருக்கும். காய்ந்த சிறு மீன்களைப் பானையில் அடைத்து மாதக்கணக்கில் நொதிக்கவிடுவது. மணிப்பூர்ச் சமையலுக்கு அதுதான் உயிர். ('ஙப் போல் வளை'யோடு அந்த எழுத்துக்கும் நமக்கும் உறவு முடிந்துபோனது, அவர்களுக்கு அது தினமும் அடுப்படியில் இருக்கிறது.) நாம் நெத்திலிக் கருவாடு வறுக்கிற நாளில் நாலு தெரு தள்ளித் தெரியும். 'வெஜிடேரியன்களுக்கு மட்டும்' என்ற போர்டால் வீடு கிடைக்காமல் அலைந்த குடும்பங்கள் உங்கள் குரூப்பிலேயே இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

மணிப்பூரில் மியான்மர் எல்லையில் மோரே என்று ஓர் ஊர். பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்து, கடைகளை எல்லாம் அரசுடைமையாக்கியபோது கிளம்பிவந்த தமிழர்களில் ஒரு பகுதியினர், தரை வழியாக பர்மாவுக்கே திரும்பப் போய்விடலாம் என்று எல்லை வரை போய், போக முடியாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள். தமிழ்ச் சங்கம் வைத்தார்கள், கோயில் கட்டினார்கள். பர்மாவில் அவர்களை 'கலா' என்று கூப்பிட்டார்கள், மரியாதையான வார்த்தை இல்லை. அவர்கள் வைத்த சாம்பாரின் வாசனை அக்கம்பக்கத்து மணிப்பூர்க்காரர்களுக்கு எப்படி இருந்ததோ.

இன்னொன்று. குற்ற உணர்ச்சியில் நேராக அந்தப் பெண்களின் கதவைத் தட்டி, "எல்லார் சார்பாகவும் மன்னிப்பு" என்று நிற்காதீர்கள். உங்களுக்குத் தூக்கம் வரவைப்பது அவர்கள் வேலை இல்லை. 2023 மே மாதம் அங்கே தொடங்கிய கலவரத்தில் 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சுமார் 60,000 பேர் வீடிழந்தார்கள். இவர்கள் எதை விட்டுவிட்டு வந்திருக்கிறார்களோ. படிக்கட்டில் பார்த்தால் சிரியுங்கள், தண்ணீர் லாரி வரும் நேரத்தைச் சொல்லுங்கள். மோதிக்கொண்ட இரண்டு சமூகங்களின் பெயரைச் சொல்லி, "நீங்க மெய்தியா, குக்கியா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நாமே கறுப்பு. நமக்கு எப்படி சார் நிறவெறி இருக்க முடியும்? (ஒரு வாசகர், திருநெல்வேலி)

பதில்: 2017 மார்ச்சில் டெல்லி பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களைக் கும்பலாக அடித்தார்கள். அடுத்த மாதம் பா.ஜ.க.வின் முன்னாள் எம்.பி. தருண் விஜய் ஒரு டிவி விவாதத்தில், எங்களுக்கு நிறவெறி இருந்தால் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா என்று தெற்கத்திக்காரர்களோடு எப்படி வாழ்வோம், எங்களைச் சுற்றிலும் கறுப்பர்கள் இருக்கிறார்களே என்கிற பொருளில் பேசினார். திருக்குறளைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர், ஹரித்வாரில் வள்ளுவர் சிலைக்காக அலைந்தவர். நாம் கொதித்தோம், அவர் மன்னிப்புக் கேட்டார். சரி. ஆனால் நாம் எதற்குக் கொதித்தோம்? 'எங்களுக்கு' என்று தன்னை ஒரு பக்கமும் நம்மை இன்னொரு பக்கமும் நிறுத்தியதற்கா, அல்லது 'கறுப்பர்' என்று சொன்னதற்கா? எனக்கு வந்த ஃபார்வர்டுகளில் பாதி, "நாங்க ஒண்ணும் அவ்வளவு கறுப்பு இல்லை" என்கிற ரகம். அடிவாங்கிய மாணவர்களைப் பற்றி ஒன்றுகூட வரவில்லை.

அதே வருஷம் ஆகஸ்டில் நம்மூர் கிரிக்கெட் வீரர் அபினவ் முகுந்த், சின்ன வயதிலிருந்தே தோல் நிறத்துக்காகக் கேலி கேட்டு வளர்ந்ததைப் பற்றி எழுதினார். வெயிலில் நாள் முழுக்க விளையாடியதால் கறுத்த பையன், இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடிய பிறகும் அந்தக் கேலி விடவில்லை. 2020-ல் மேற்கிந்தியத் தீவுகள் வீரர் டேரன் சாமி, ஐபிஎல்லில் ஹைதராபாத் அணிக்கு ஆடியபோது தன்னைக் 'காலு' (இந்தியில் கறுப்பன்) என்று கூப்பிட்டதைச் சொன்னார். பலசாலி என்று அர்த்தம் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தாராம். அதே 2020-ல்தான் 1975-லிருந்து விற்றுவந்த சிவப்பழகு க்ரீமின் பெயரிலிருந்து 'ஃபேர்' போனது. க்ரீம் போகவில்லை.

பெண் பார்த்துவிட்டு வந்து, "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று சொல்லாத குடும்பம் உண்டா? அந்த 'இருந்தாலும்' போதும் உங்கள் கேள்விக்கு.

கேள்வி: வடக்கன் என்று சொன்னால் என்ன தப்பு? வடக்கிலிருந்து வருகிறவன் வடக்கன். வேலையை எல்லாம் அவன்தானே பறிக்கிறான்? (திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தெற்கிலிருந்து போனவனை பம்பாயில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்று தாராவியில் சொந்தக்காரர்கள் இருந்தால் கேளுங்கள். 1966-ல் சிவசேனா ஆரம்பித்த புதிதில் 'லுங்கியை விரட்டு' என்பதுதான் கோஷம். அங்கேயும் இதே புகார்தான், மதராஸி வந்து நம்ம வேலையைப் பறிக்கிறான் என்று. கூலி குறைகிறது என்பது நியாயமான கவலை, நான் அதைச் சின்னதாக்கவில்லை. ஆனால் அந்தக் கூலியைக் குறைத்தது யார்? பதினாலு மணி நேரம் நின்று, எட்டுப் பேர் ஒரே அறையில் படுக்கிறவனா, அவனை வைத்து லாபம் பார்க்கிற முதலாளியா? முதலாளியை நாம் 'ஓனர் சார்' என்கிறோம். 2023 மார்ச்சில், இங்கே பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. போலீஸ் மறுத்தும் பயத்தில் ஊருக்கு ரயிலேறியவர்கள் உண்டு. பொய்தான். ஆனால் டீக்கடையில் நாம் பேசுகிற பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு, அது பொய்யாகத்தான் இருக்கும் என்று எப்படித் தோன்றியிருக்கும்?

கேள்வி: இதற்கெல்லாம் சட்டம் கிடையாதா?

பதில்: அரசு இனம், பிறப்பிடம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு. கடை, ஹோட்டலில் நுழையவிடாமல் தடுப்பதும் அதில் அடக்கம். 2014 ஜனவரியில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியா டெல்லியில் தாக்கப்பட்டு இறந்த பிறகு, வடகிழக்கு மாநிலத்தவர்களின் பிரச்சினைகளைப் பார்க்க பெஸ்பருவா கமிட்டி போட்டார்கள், அது இனரீதியான வசவைத் தனிக் குற்றமாக்கச் சொன்னது. ஆனால் "சொந்தக்காரங்க வர்றாங்க" என்பதைப் பிடிக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது.

கேள்வி: சாதியை விட்டுவிட்டு இனம் பேசுகிறீர்களே? (மதுரை வாசகி)

பதில்: விடவில்லை. "நீங்க என்ன ஆளுங்க?" என்று வாசலிலேயே கேட்டுப் பழகிய வாய்தான் மணிப்பூர்க்காரிக்கும் கதவைச் சாத்துகிறது. 2001-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இனவெறிக்கு எதிராக நடந்த ஐ.நா. மாநாட்டில் தலித் அமைப்புகள் இதைத்தான் சொல்லப் போயின, சாதியை இனவெறிக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று நம் அரசு எதிர்த்தது. தனியாக ஓர் இதழே எழுத வேண்டிய விஷயம், எழுதுகிறேன்.

கேள்வி: ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறீர்களே, உங்கள் மாடியில் யார் குடியிருக்கிறார்கள்? (குரோம்பேட்டை வாசகர்)

பதில்: ஒடிசாக் குடும்பம். கணவன், மனைவி, ஒரு கைக்குழந்தை. பெருமையாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன், அப்புறம்தான் பழைய டைரியை எடுத்துப் பார்த்தேன். இதற்கு முன் இருந்த தஞ்சாவூர்க்காரரிடம் ஆறு மாத அட்வான்ஸ் வாங்கியிருக்கிறேன். இவர்களிடம் பத்து. ஏன் என்று எவ்வளவு யோசித்தும் சொல்கிற மாதிரி ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அதிகமாக வாங்கிய நாலு மாதத்தைத் திருப்பித் தர வேண்டும். அந்தப் பணம் பாத்ரூமுக்கு டைல்ஸ் போட்டதில் போய்விட்டது, மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.