25 வயசுங்கறது நோட்டிபிகேஷன் போட்ட கோடு, உடம்பு போட்ட கோடு இல்ல

திண்டுக்கல் பக்கத்துலேர்ந்து ஒரு அப்பா கேட்டிருக்கார். பொண்ணுக்கு 21 வயசு, பி.காம் கடைசி வருஷம், 5000 மீட்டர் 17 நிமிஷம் 50 செகண்ட் ஓடுது, ரெண்டு வருஷமா டைமிங் நகரவே இல்ல. பொம்பளப் புள்ளைங்களுக்கு 22, 23ஓட ஓட்டம் முடிஞ்சிரும்னு சொந்தக்காரங்க சொல்றாங்களாம். நடுவுல ஒருத்தர் நாலு லட்சம் குடுத்தா ஸ்போர்ட்ஸ் கோட்டால ரயில்வே வேலை வாங்கித் தர்றேங்கறாராம். ஓட்டத்த நிறுத்திட்டு பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கச் சொல்லவான்னு கேக்கறார்.

அண்ணே, மொதல்ல அந்த நாலு லட்சத்த யார்கிட்டயும் குடுத்துராதீங்க. அதப்பத்தி கீழ விவரமா சொல்றேன்.

இப்ப வயசு. 22ஓட முடிஞ்சிரும்ங்கறது சுத்தப் பொய். பாருல் சவுத்ரி மீரட் பக்கம் ஒரு கிராமத்துப் பொண்ணு, 1995ல பொறந்தவங்க. 2023 ஹாங்சோ ஆசியப் போட்டில மொத நாள் ஸ்டீபிள்சேஸ்ல (தடையும் தண்ணிக் குழியும் தாண்டி ஓடற ஓட்டம்) வெள்ளி, அடுத்த நாளே 5000 மீட்டர்ல தங்கம், அப்ப வயசு 28. பிரீஜா ஸ்ரீதரன் 2010 குவாங்சோல 10000 மீட்டர் தங்கம் வாங்கினப்பவும் 28தான். ஓ.பி.ஜெய்ஷா 23 வயசுல தோஹா ஆசியப் போட்டில 5000ல வெண்கலம் வாங்கினாங்க, 31 வயசுல இஞ்சியோன் ஆசியப் போட்டில 1500ல வெண்கலம், 32 வயசுல பெய்ஜிங் உலகப் போட்டில 2 மணி 34 நிமிஷம் 43 செகண்டுக்கு மாரத்தான் ஓடி தேசிய சாதனை. உலக அளவுல பாத்தா கென்யாவோட ஃபெய்த் கிப்யேகான் 2018ல பிள்ளை பெத்தவங்க, அவங்க 1500 மீட்டர் உலக சாதனை எல்லாமே அதுக்கு அப்புறம்தான், கடைசியா 2025ல 31 வயசுல 3:48.68. பொதுவா 5000, 10000க்கு இருபதுகளோட பின்பாதிதான் நல்ல காலம், மாரத்தானுக்கு முப்பதத் தாண்டியும் போகும். உங்க பொண்ணு இன்னும் வாசப்படியிலதான் நிக்கிது.

அப்ப ஏன் டைமிங் நிக்கிதுன்னா, 17லேர்ந்து 21 வரைக்கும் பொண்ணுங்க உடம்பு மாறுது, இடுப்பு அகலமாகும், எடை கொஞ்சம் ஏறும், அது இயற்கை, பல பேருக்கு இந்த வயசுல டைமிங் அப்படியே நிக்கும், சில பேருக்குப் பின்னாடி கூட போகும். பொறுமையா ஓடினவங்க 23, 24ல திரும்ப டைமிங்க குறைக்கறாங்க. இந்த நேரத்துல எடையக் குறைன்னு சொல்ற ஆள்கிட்டேர்ந்து பொண்ண தள்ளி வைங்க. இன்னொண்ணு, காலேஜ்ல பாயிண்ட்ஸுக்காக ஒரே மீட்ல 1500, 5000, 10000 மூணும் ஓட விட்டு, கிராஸ் கன்ட்ரியும் சேத்து, ரிலேக்கு ஆள் இல்லன்னு அதுலயும் நிறுத்தறாங்க, கோப்பை காலேஜுக்கு, கால்வலி பொண்ணுக்கு. உங்க பொண்ணு போன சீசன்ல எத்தன ரேஸ் ஓடிச்சுன்னு உக்காந்து எண்ணிப் பாருங்க, பாதி பதில் அதுலயே கிடைக்கும்.

பொறுமையா இருக்கணும்னு சொன்னேன்ல, அதுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கு, இத அவங்க அம்மாவ விட்டுக் கேக்கச் சொல்லுங்க. மாசாமாசம் பீரியட்ஸ் ஒழுங்கா வருதா? மூணு மாசத்துக்கு மேல வரலன்னா காத்திருக்கவே கூடாது, உடனே டாக்டர். எங்கிட்ட ஒரு பொண்ணு வந்துச்சு, எட்டு மாசமா வரல, "நல்லா டிரெய்னிங் ஆகுதுன்னு அர்த்தம்னு சீனியர் அக்கா சொன்னாங்க மேடம்"னு சிரிச்சிக்கிட்டே சொல்லுச்சு. முழங்காலுக்குக் கீழ எலும்புல ஒரு எடத்துல ஒத்த விரல வச்சி அழுத்தினேன், காலை வெடுக்குனு இழுத்துக்கிச்சு. ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது ஓடி ஓடியே எலும்புல விழற விரிசல். மூணு மாசம் படுக்க வேண்டியதாப் போச்சு. ஓடற ஓட்டத்துக்கு சாப்பாடு பத்தலன்னா உடம்பு மொதல்ல பீரியட்ஸ நிறுத்தும், அடுத்து எலும்புல கை வைக்கும், எலும்பு உறுதி சேர்ற காலமே இருபதுகளோட நடு வரைக்கும்தான், இப்ப இழந்தா பின்னாடி முழுசா திரும்பாது. அமெரிக்காவுல மேரி கெய்ன்னு ஒரு பொண்ணு, 17 வயசுல 2013 மாஸ்கோ உலகப் போட்டில 1500 ஃபைனல் ஓடினவங்க, காலேஜுக்காக ஓடாம நேரா புரொபஷனல் ஆனாங்க. எடையக் குறை, குறைன்னு கோச் நெருக்கி மூணு வருஷம் பீரியட்ஸே நின்னு, அஞ்சு எலும்பு உடைஞ்சதுன்னு 2019ல அவங்களே வெளிய வந்து சொன்னாங்க. அவ்ளோ பெரிய நாட்டுலயே கவனிக்கல. இங்க யாரு கவனிப்பா, வீடுதான் கவனிக்கணும்.

கூடவே ஹீமோகுளோபின் மட்டும் பாக்காம ஃபெரிட்டின்னு (உடம்புல இரும்பு எவ்ளோ சேமிப்புல இருக்குன்னு காட்றது) தனியா எழுதிக் கேட்டு டெஸ்ட் எடுங்க. ஹீமோகுளோபின் சரியா இருந்தும் இரும்புச் சேமிப்பு காலியா இருக்கலாம், ஓடற பொண்ணுங்கள்ல இது ரொம்ப சகஜம். சாப்பிட்ட உடனே டீ குடிக்கற பழக்கம் இருந்தா நிறுத்தச் சொல்லுங்க, அது இரும்ப உடம்புல சேர விடாது.

இங்கதான் அடுத்த ஆபத்து. குறையுதுன்னு தெரிஞ்சதும் கிரவுண்டுல யாராவது ஒரு டப்பா பவுடர், ஒரு ஊசி, "சும்மா பி12தான்"னு கொண்டு வருவாங்க. வேணவே வேணாம். டிரிப்ஸ் போடறது கூட 12 மணி நேரத்துல 100 மில்லிக்கு மேல போனா, ஆஸ்பத்திரி சிகிச்சையா இல்லாட்டி, அனுமதி வாங்காம இருந்தா ஊக்கமருந்து விதியில குத்தம். உள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுன்னு சொன்னா நாடா (NADA, தேசிய ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு) கேக்காது, உடம்புல என்ன இருந்தாலும் பொறுப்பு வீராங்கனைதான். நாலு வருஷம் வரைக்கும் தடை. 21ல மாட்டினா திரும்பி வரும்போது 25. ஊசி போட்டவன் அப்பவும் வேற கிரவுண்டுல வேற புள்ளைக்கு ஊசி போட்டுட்டிருப்பான்.

அந்த 25தான் என் வயித்தெரிச்சல். நம்ம ஊர்ல புரொபஷனல்னா என்ன, ரயில்வே, போலீஸ், ராணுவம்னு ஒரு வேலையில சேந்து சம்பளத்தோட ஓடறதுதான், ஷூ கம்பெனி காசெல்லாம் விரல் விட்டு எண்ற பேருக்குத்தான். பாருல் ரயில்வேல இருந்துதான் வளந்தாங்க. ஹாங்சோல கடைசி சில பத்து மீட்டர்ல ஜப்பான் பொண்ண முந்தினப்ப, தங்கம் வாங்கினா உ.பி. போலீஸ்ல டிஎஸ்பி ஆயிரலாம்னு நெனச்சேன்னு அவங்களே சொன்னாங்க, வேலைதான் இங்க ஓட்டத்த தாங்குது. ஆனா ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டா நோட்டிபிகேஷன எடுத்துப் பாருங்க, 18லேர்ந்து 25, தளர்வு கிடையாது. யுனிவர்சிட்டிகளுக்குள்ள நடக்கற இன்டர் யுனிவர்சிட்டி போட்டியும் 25ஓட சரி. 28ல உச்சத்துக்கு வர்ற உடம்புக்கு 25ல கதவ சாத்தினா லாங் டிஸ்டன்ஸ் பொண்ணு எங்கேர்ந்து வருவா? ஸ்பிரிண்டுக்கும் மாரத்தானுக்கும் ஒரே வயசுக் கோடு போட்டு வச்சிருக்காங்க, எத்தன வருஷமா கத்தறோம், காதுல விழல.

அந்த நாலு லட்ச ஆளு இந்தப் பயத்துலதான் பொழைக்கறார். ரயில்வேல மார்க் எப்படின்னா சாதனைக்கு 50, டிரையல்ல ஓடிக் காட்றதுக்கு 40, படிப்புக்கு 10. இதுல அவர் எங்கண்ணே வர்றார்? விண்ணப்பக் கட்டணம் சில நூறு ரூபாதான். பொண்ணு செலக்ட் ஆனா "நான்தான் பேசி முடிச்சேன்"ம்பார், ஆகலன்னா போன எடுக்க மாட்டார். போலி சர்டிபிகேட் ஏற்பாடு பண்றேன்னு சொன்னா இன்னும் மோசம், வேலையில சேந்து பல வருஷம் கழிச்சு கண்டுபிடிச்சாலும் வேலை போயிரும், கேஸும் வரும்.

இப்போதைக்கு ஓட்டத்த நிறுத்த வேணாம், படிப்பும் சேந்து ஓடட்டும். பி.ஜி. சேத்து விடுங்க, இன்டர் யுனிவர்சிட்டி இன்னும் ரெண்டு வருஷம் கிடைக்கும், அதுல மொத மூணு எடம்ங்கறது சில வேலைகளுக்குத் தகுதியாவே வரும், நோட்டிபிகேஷன் இங்கிலீஷ்ல வந்தா தெரிஞ்சவங்கள வச்சி வரி வரியா படிங்க. சாதனைன்னா பெரும்பாலும் அந்த வருஷமும் முந்தின ரெண்டு நிதியாண்டும்தான் எடுத்துக்குவாங்க, அதனால பழைய மெடல நம்பி உக்கார முடியாது. காலேஜ விட்டு வர்றதுக்கு முன்னாடி யுனிவர்சிட்டி விளையாட்டுத் துறைல போய் படிவம் 3 கையெழுத்தும் சீலும் வாங்கிருங்க, மத்திய அரசு வேலைக்கு யுனிவர்சிட்டி லெவல் சாதனைக்கு அதத்தான் கேப்பாங்க, பின்னாடி போய் நின்னா அந்த ஆபீசர் மாறியிருப்பார், ஃபைல் கிடைக்காதும்பாங்க. இந்த வாரமே போங்க. ஃபெரிட்டின் ரிசல்ட்டும், போன சீசன் ரேஸ் கணக்கும் கைல வந்ததும் எழுதுங்க, அதப் பாத்துட்டு வாரத்துக்கு எத்தன கிலோமீட்டர் ஓடலாம்னு சொல்றேன்.