கப்பல் விருந்தும் சிங்கி இறாலும்: கேள்வி பதில்

தெலுக் இந்தானிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் உல்லாசக் கப்பல் விருந்து பற்றிப் பல கேள்விகள் வந்துள்ளன. இந்த இதழில் அவற்றுக்கே இடம்.

கே: மருமகன் 7 இரவுப் பயணத்துக்குப் பதிவு செய்திருக்கிறார். எல்லாரும் விழா உடையில் வரும் ‘ஃபார்மல் நைட்’ விருந்தன்று கோட்டு இல்லாமல் போனால் உள்ளே விடமாட்டார்களாமே? என் வீட்டுக்காரரிடம் கோட்டே கிடையாது.

ப: கோட்டு தைக்க ஓட வேண்டாம். நீளக்கை பாத்திக் சட்டை, கறுப்புக் கால்சட்டை, ஷூ போதும். நம் மலேசிய அரசு விருந்துகளிலேயே செல்லுபடியாகும் உடை அது. பட்டு வேட்டியும் முழுக்கைச் சட்டையும்கூடச் சரிதான். கப்பல் ஆடுமென்பதால் ஒட்டிக்கோ வேட்டியாக இருந்தால் நல்லது. கூனார்ட் போன்ற பழைய மரபுள்ள நிறுவனங்கள்தாம் டின்னர் ஜாக்கெட், அடர்நிறக் கோட்டு என்று கொஞ்சம் கறாராக இருக்கும். அரைக்கால்சட்டை, சிலிப்பர், கையில்லாத பனியன் மூன்றும் அன்றைய சாப்பாட்டு அறையில் ஆகாது. உங்களுக்குப் பட்டுச்சேலை இருக்க வேறு கவலை எதற்கு? ஆனால் வீட்டிலேயே இஸ்திரி போட்டுச் சுருட்டி எடுத்துப் போங்கள். தீ அபாயம் என்று பெரும்பாலான கப்பல்களில் இஸ்திரிப் பெட்டியை ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சாப்பாட்டு அறையில் ஏர்கோன் குளிரும். ஒரு சால்வை இருக்கட்டும்.

இந்த இரவு பெரும்பாலும் முதல் நாளோ கடைசி நாளோ வராது. முதல் நாள் பெட்டி அறைக்கு வர நேரமாகும். கடைசி இரவு பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட வேண்டும்.

கே: லாப்ஸ்டர் இலவசமா? ஓட்டோடு வந்தால் எப்படிச் சாப்பிடுவது? ரப்பர் மாதிரி இருக்கும் என்கிறார்களே!

ப: நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரு வாரப் பயணத்தில் ஏதாவது ஒரு ஃபார்மல் இரவில் பிரதான சாப்பாட்டு அறையில் கட்டணமின்றித் தருவது பல கப்பல்களின் வழக்கம். 3, 4 இரவுப் பயணத்தில் எதிர்பார்க்காதீர்கள். மெனுவில் பெயருக்குப் பக்கத்தில் டாலர் விலை இருந்தால் அது தனிக் கணக்கு. இரண்டாவது தட்டு கேட்கும் முன்பும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தட்டில் வருவது பெரும்பாலும் வால் மட்டுமே. லாப்ஸ்டரில் சிங்கி இறால் என்ற வகையாக இருந்தால் அதற்குப் பெரிய கொடுக்கே கிடையாது, சதையெல்லாம் வாலில்தான். ஓட்டை இடக்கையால் நாப்கின் வைத்துப் பிடியுங்கள். அகலமான முனையில், சதைக்கும் ஓட்டுக்கும் நடுவே முள்கரண்டியை நுழைத்து, லேசாகத் திருகி மேலே இழுத்தால் சதை முழுசாக வரும். நடுவில் கறுப்பு நரம்பு தெரிந்தால் அது குடல். எடுத்து ஓரமாக வையுங்கள். இத்தனை பாடு வேண்டாமென்றால் பணியாளரிடம் சொல்லுங்கள், இரண்டு கரண்டியால் நொடியில் கழற்றித் தருவார். அதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை. சின்னக் கிண்ணத்தில் வரும் மஞ்சள் திரவம் உருக்கித் தெளிய வைத்த வெண்ணெய், கிட்டத்தட்ட நம் நெய்தான், குடித்துவிடாதீர்கள், தொட்டுக்கொள்ள.

ரப்பராவது அதிகம் வெந்ததால். சூடு கூடக் கூடப் புரதம் இறுகி நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். ஆயிரம் பேருக்கு மேல் ஒரே வேளையில் பரிமாறும் சமையலறையில் தட்டுகள் சூட்டு அலமாரியில் காத்திருக்கும்போது வேக்காடு இன்னும் கூடும். ஆகவே வந்தவுடன் சாப்பிடுங்கள், படம் பிடிப்பதைப் பிறகு பார்க்கலாம். வந்ததே கெட்டியாக இருந்தால் மாற்றித் தரக் கேளுங்கள். அதே மெனுவில் மீன் இருந்தால் அதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

கே: என் மகளுக்கு இறால் ஒவ்வாது. இறாலைத் தொடாமல் இருந்தால் போதாதா?

ப: போதாது. இறாலில் ஒவ்வாமை தூண்டும் முக்கியப் புரதம் ட்ரோபோமையோசின். நண்டிலும் சிங்கி இறாலிலும் அதுவே உண்டு, வேகவைத்தாலும் அழியாது. மறைந்திருக்கும் இடங்கள்தாம் ஆபத்து: இறால், நண்டு ஓட்டுச் சாற்றில் செய்யும் பிஸ்க் சூப், கடலுணவுச் சாறு சேர்த்த சாஸ், இறால் பொரித்த அதே எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு, பெலாச்சான் (இறால் விழுது) போட்ட சம்பால். பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள். முதல் இரவே தலைமைப் பணியாளரைப் பார்த்துச் சொல்லுங்கள். மறுநாள் மெனுவை முதல் நாள் இரவே கொண்டுவந்து காட்டி, அவளுக்கென்று தனியாகச் சமைக்கச் சொல்வார். பஃபேயைத் தவிர்ப்பதே மேல், கரண்டிகள் பாத்திரம் மாறிப் போகும். மருத்துவர் எழுதித் தந்த அட்ரினலின் ஊசி இருந்தால் அறையில் வைக்காமல் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

கே: இத்தனை கத்தி, முள்கரண்டி எதற்கு?

ப: வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கி, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ஜோடி. இடப்பக்க ரொட்டித் தட்டும் வலப்பக்கத் தண்ணீரும் உங்களுடையவை. சாப்பிட்டு முடிந்தால் கத்தி, முள்கரண்டி இரண்டையும் தட்டில் சேர்த்து வையுங்கள். பிரித்து வைத்தால் இன்னும் சாப்பிடுகிறீர்கள் என்று எடுக்கமாட்டார்கள்.

கே: எனக்குச் சர்க்கரை நோய். வேகவைக்காத பச்சைச் சிப்பி சாப்பிடலாமா?

ப: வேண்டாம். பச்சைச் சிப்பியில் விப்ரியோ கிருமி இருக்கலாம். கல்லீரல் நோய், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது இரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். எலுமிச்சையோ காரச் சாஸோ அதைக் கொல்லாது, நன்றாக வெந்தால்தான் சாகும். சாஸோடு குளிரத் தரும் இறால் காக்டெய்லை வேகவைத்த இறாலில்தான் செய்கிறார்கள். அதைக் கேளுங்கள், சாஸில் சர்க்கரை உண்டு என்பதால் சாஸை மட்டும் தனிக் கிண்ணத்தில்.