சிரிக்காமல் போன ஆலோசகர்

கேள்வி: ஒன்றரை ஆண்டாக ஒரு மனநல ஆலோசகரிடம் போய் வருகிறேன். என் பெற்றோருக்குக்கூடத் தெரியாத விஷயங்கள் அவருக்குத் தெரியும். அண்மையில் ஒரு புத்தகக் கடையில் ஒரு பெண்மணியுடன் நின்றிருந்தவரை நேருக்கு நேர் பார்த்துச் சிரித்தேன். அவரோ முன்பின் பார்த்திராதவர்போல அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பணம் கட்டினால்தான் என்னைத் தெரியுமா? ஒரு நண்பரைப்போல நடந்துகொண்டால் என்ன குறைந்துவிடும்? (தயவுசெய்து பெயரை வெளியிட வேண்டாம்.)

பதில்: பெயரை வெளியிடவில்லை. ஆனால், முகம் தெரியாத ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் நீங்கள் கேட்டு வாங்கிக்கொண்ட அதே ரகசியத்தை, நாலு பேர் நடமாடும் கடையில் ஆலோசகர் தாமாகவே காப்பாற்றினால் உங்களுக்குக் கோபம் வருகிறது. அவர் உங்களை நலம் விசாரித்திருந்தால், நீங்கள் நகர்ந்ததும் அந்தப் பெண்மணி “யார் இவர்?” என்று கேட்டிருப்பார், அவர் ஒன்று பொய் சொல்லியிருக்க வேண்டும், இல்லையென்றால் மழுப்பியிருக்க வேண்டும். ஆலோசகர் மழுப்பினால் எதிரில் இருப்பவர் யாரென்று உடன் வந்தவர்களுக்குப் புரிந்துவிடும். இதனால்தான், வெளியிடங்களில் தாமாக முந்திக்கொண்டு வணக்கம் சொல்லக் கூடாது என்பதை அந்தத் தொழிலில் பலரும் வழக்கமாக வைத்திருக்கிறார்கள்.

அந்த வழக்கத்தின் மறுபாதியை உங்கள் ஆலோசகர் மறந்துவிட்டார். அடையாளம் காட்டிக்கொள்வதா வேண்டாமா என்ற முடிவு ஆலோசனை பெறுபவருடையது. அவர் சிரித்தால் இவரும் தலையசைத்துவிட்டு நகரலாம். குட்ஹைல், கபார்ட் என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1993ல் எழுதிய கட்டுரை, எல்லையைச் சற்றே தாண்டுவதையும் எல்லையை மீறுவதையும் தனித்தனியாக வைத்துப் பார்த்தது. கடையில் ஒரு தலையசைப்பு என்பது தாண்டல் என்ற கணக்கில்கூட வருமா என்பது சந்தேகம். நீங்கள் சிரித்த பிறகும் அவர் அலமாரிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது விதியை மிஞ்சிய விசுவாசம். வெளியே சந்திக்க நேர்ந்தால் என்ன செய்வது என்று முதல் அமர்விலேயே சொல்லாமல் விட்டது அதைவிடப் பெரிய குறை.

இனி, நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிய அந்தப் பணத்துக்கு வருவோம். பணத்தைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசுங்கள் என்று 1913லேயே சக மருத்துவர்களுக்கு ஒரு கட்டுரையில் எழுதியவர், உளப்பகுப்பாய்வு என்ற சிகிச்சை முறையைத் தொடங்கிவைத்த சிக்மண்ட் ஃப்ராய்டு. தம் நாளில் ஒரு மணி நேரத்தை ஒவ்வொரு நோயாளிக்கும் குத்தகைக்கு விடுவதாகவும், நோயாளி வராவிட்டாலும் குத்தகை வந்தாக வேண்டும் என்றும் அவர் கறாராகச் சொன்னார். நோயாளியைப் படுக்கவைத்துவிட்டுக் கண்ணில் படாமல் பின்னால் உட்கார்ந்துகொள்வதற்கு அவர் காட்டிய காரணங்களில் ஒன்று, நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் பிறர் தம்மை உற்றுப் பார்ப்பதைத் தம்மால் தாங்க முடியாது என்பது. எட்டு மணி நேரத்துக்கே இப்படி அலுத்துக்கொண்ட மனிதரை ஒன்பதாவது மணி நேரத்தில் புத்தகக் கடையில் பிடித்து நிறுத்திச் சிரித்திருந்தால், அலமாரிப் பக்கம் திரும்புவதோடு விட்டிருக்க மாட்டார். அலமாரிக்குப் பின்னால் ஒரு நாற்காலி கேட்டிருப்பார்.

நண்பரின் மனைவிக்கோ குழந்தைக்கோ சிகிச்சையளிக்க முன்வரும் மருத்துவர், முடிவு எப்படி ஆனாலும், அந்த நட்பை இழக்கத் தயாராக இருக்க வேண்டும் என்று எச்சரித்ததும் ஃப்ராய்டின் அதே 1913 கட்டுரைதான். எச்சரித்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1918ல், தம் சொந்த மகள் அன்னாவையே அவர் உளப்பகுப்பாய்வுக்கு எடுத்துக்கொண்டார். ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே.

‘நண்பரைப்போல’ என்கிறீர்கள். ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோவுக்குச் சிகிச்சையளித்த மனநல மருத்துவர் ரால்ஃப் கிரீன்சன் தம் துறையில் பெரும் பெயர் பெற்றவர். நிலையான குடும்பம் வாய்க்காமல் வளர்ந்த மன்றோவுக்குத் தம் குடும்பத்தையே கொடுத்துவிடலாம் என்று நினைத்து அவரை வீட்டுக்கு அழைத்தார்; மன்றோ அவர் மனைவி மக்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார், பாத்திரம் கழுவிக் கொடுத்தார். 1962ல் மன்றோ இறந்ததற்கு இதுதான் காரணம் என்று சொல்ல நான் துணிய மாட்டேன். ஆனால் அந்த வீட்டில் மன்றோவுக்கு ஒரு மனக்கசப்பு வந்திருந்தால், அதை எந்த மருத்துவரிடம் போய்ச் சொல்லியிருப்பார்? உங்கள் நண்பர் உங்கள் அவமானங்களை அறிந்திருந்தால் நீங்களும் அவருடையவற்றில் இரண்டையாவது அறிந்திருப்பீர்கள். சண்டை வந்தால் இருவர் கையிலும் ஆயுதம் உண்டு. ஆலோசகரிடம் உங்களுடையவை எல்லாம் இருக்கின்றன, உங்களிடம் அவருடையது ஒன்றுமில்லை. இந்த ஏற்றத்தாழ்வு சிகிச்சையோடு முடிந்துவிடுவதில்லை. அமெரிக்க உளவியல் சங்கம், சிகிச்சை முடிந்து குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்காவது சிகிச்சை பெற்றவருடன் பாலுறவு கூடாது என்கிறது. அங்குள்ள ஆலோசகர் சங்கம் ஐந்து ஆண்டுகள் என்கிறது. மனநல மருத்துவர்களின் சங்கம் எக்காலத்திலும் கூடாது என்கிறது. நான் மூன்றாமவர் கட்சி, ஏனெனில் ஒருவர் அழுதுகொண்டே சொன்னதை இன்னொருவர் மறந்துவிட இத்தனை ஆண்டுகள் போதும் என்று தேதி குறிக்க முடியாது.

நாலு வரிக் கடிதத்தைப் படித்துவிட்டு நோய்க்குப் பெயர் சூட்டும் பத்திரிகைப் பத்திகளின் மீது எனக்குள்ள தீராப் பகையை இங்கே எடுக்காமல் இருக்க முடியவில்லை. சிகிச்சை என்ற பெயரில் தம் நோயாளியுடன் பாலுறவு கொண்டதற்காக 1975ல் நியூயார்க்கில் வழக்கில் தோற்ற மனநல மருத்துவர் ரெனாடஸ் ஹார்டாக்ஸ், புகழ்பெற்ற மாத இதழ் ஒன்றில் வாசகர்களுக்கு ஆலோசனை வழங்கிவந்தவர். அந்தப் பரம்பரையில் சேர எனக்கு விருப்பமில்லாததால், உங்கள் கோபத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று ஆராயாமல் விட்டுவிடுகிறேன்.

அதை ஆராய வேண்டியவர் உங்கள் ஆலோசகர். எனக்கு எழுதிய கடிதத்தை அப்படியே அடுத்த அமர்வில் அவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் திரும்பிக்கொண்ட அந்த நொடியில் உங்களுக்குள் என்ன நடந்தது என்பதைவிடச் சிறந்த பேசுபொருள் அங்கே கிடைக்காது. இனி வெளியே பார்த்தால் தலையசைப்பதா, பேசுவதா, கடந்துபோவதா என்பதையும் அங்கேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அவர் அந்தப் பேச்சைத் தட்டிக்கழித்தாலும், “இதையெல்லாம் இங்கே எதற்கு, வெளியே எங்காவது உட்கார்ந்து பேசலாமே” என்றாலும், வேறு ஆலோசகரைத் தேடத் தொடங்குங்கள்.